கடை நனையாமல் வரும் நஷ்டம்

காயல்பட்டினத்து வியாபாரிகள் நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு பேரிடர்களில் ஊரோடு சேர்ந்து கடையடைத்தார்கள். முதலாவது 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு, 144 தடையுத்தரவோடு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. இரண்டாவது 2023 டிசம்பர் 17. மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்த ஊரில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழை அதைவிடக் குறைவு.

முதல் அடைப்பில் ஒரு மூட்டை அரிசிகூட நனையவில்லை, கடைக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழவில்லை. இரண்டாவதில் சரக்கும் போயிற்று, சாலையும் போயிற்று, ரயிலும் நின்றது. ஆனால் கல்லாவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்: வியாபாரம் இல்லை, வாடகையும் சம்பளமும் வட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. இன்சூரன்ஸ் நிறுவனம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அது ஏன், அதில் நியாயம் எவ்வளவு, உலகில் வேறெங்காவது வேறுவிதமாக நடந்ததா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் ஊரின் நஷ்டம் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2020-ல் ரமழான் நோன்பு ஏப்ரல் 25-ல் தொடங்கியது. பெருநாள் மே 25. மாதம் முழுவதும் ஊரடங்குக்குள்ளேயே கழிந்தது. அடுத்த ஆண்டு பெருநாள் மே 14. தமிழகத்தில் முழு ஊரடங்கு தொடங்கியது மே 10. ஆண்டு விற்பனையில் பெரும்பங்கைத் தரும் அந்த வாரங்கள் இரண்டு ஆண்டு தொடர்ந்து துணிக்கடைக்காரர் கையை விட்டுப் போயின. கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கியதால் களறிச் சாப்பாடு ஆக்கும் சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், பாத்திரம் வாடகைக்கு விடுபவர்கள் என ஒரு வரிசையே வேலையின்றி உட்கார்ந்தது. இதில் சமையல்காரருக்குக் கடையும் இல்லை, சரக்கும் இல்லை. நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்க அவரிடம் எதுவுமே கிடையாது.

வெளியூர் வியாபாரம் தனிக் கதை. காயல்காரர்களின் ரத்தினக்கல் வியாபாரம் கொழும்பு, ஹாங்காங் என்று கடல் தாண்டியது. இலங்கையில் 2020 மார்ச் 20-ல் ஊரடங்குச் சட்டம். ஹாங்காங் மார்ச் 25 முதல் வெளியாருக்குக் கதவடைத்தது. அந்த மார்ச்சில் அங்கே நடக்கவிருந்த வைர, ரத்தின, முத்துக் கண்காட்சி தள்ளிப்போனது. நகை வியாபாரிகள் எடுக்கும் ‘ஜுவல்லர்ஸ் பிளாக்’ பாலிசி கல் திருடு போனால் தரும், வழியில் தொலைந்தால் தரும். கல் பத்திரமாகப் பெட்டியிலேயே இருந்து, வாங்க ஆள் வராமல் போனால் அந்தப் பாலிசியில் அதற்கு இடமில்லை.

நம் ஊர்க் கடைகளில் இன்சூரன்ஸ் என்றால் பெரும்பாலும் வங்கிக் கடனுக்காக எடுக்கப்பட்ட ஃபயர் பாலிசிதான். பெயர் ஃபயர் என்றாலும் புயல், வெள்ளம், கலவரம் போன்றவற்றுக்கும் அது பொருந்தும். 2021 ஏப்ரல் முதல் சிறு நிறுவனங்களுக்கென்று, ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரையில், ‘பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா’ என்ற பொதுப் பாலிசி வந்தது. இவை எல்லாம் கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றின் மதிப்பைக் காப்பவை. வியாபாரம் நின்ற நாட்களின் வருமானம் இவற்றின் அடிப்படைக் காப்பில் இல்லை. அதற்குத் தனியாக ‘லாஸ் ஆஃப் பிராஃபிட்’ பாலிசி வேண்டும். ஆலைகளும் பெரிய ஓட்டல்களும் எடுப்பார்கள். பஜார் கடைக்காரரிடம் அப்படி ஒன்று இருப்பதை ஏஜென்டே சொல்வதில்லை, கமிஷன் சிறியது என்பதாலோ, விளக்குவது பெரிய வேலை என்பதாலோ.

அந்தப் பாலிசியின் கணக்கு கடினமானதல்ல. கற்பனையாக ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். போன ஆண்டு பெருநாள் மாதத்தில் 15 லட்சத்துக்கு விற்றது. இந்த ஆண்டு விபத்தால் 2 லட்சம்தான். குறைவு 13 லட்சம். கடையின் மொத்த லாப விகிதம் 20 சதவீதம் என்றால் நஷ்டம் 2 லட்சத்து 60 ஆயிரம். மூடியிருந்ததால் மிச்சமான மின்கட்டணம் போன்றவற்றைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். இங்கே மொத்த லாபம் என்பதற்குள் நிகர லாபத்தோடு வாடகை, சம்பளம், வட்டி ஆகிய நிற்காத செலவுகளும் அடங்கும். தொடக்கத்தில் சில நாள் கழிவு உண்டு; எத்தனை மாதம் வரை தருவார்கள் என்ற வரம்பும் உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கணக்கில் காட்டாத விற்பனைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. ஜிஎஸ்டி கணக்கில் பாதியைக் காட்டியவர் கிளெய்மிலும் பாதியைத்தான் பெறுவார்.

சிக்கல் கணக்கில் இல்லை, வாசலில் இருக்கிறது. இந்தப் பாலிசிக்குள் நுழைய வேண்டுமானால் முதலில் காப்பீடு செய்த சொத்துக்குப் பௌதிகச் சேதம் ஏற்பட்டிருக்க வேண்டும். அந்தச் சேதத்தால் வியாபாரம் நின்றிருக்க வேண்டும். தீயில் கடை எரிந்தது, அதனால் மூன்று மாதம் விற்பனை இல்லை என்றால் பணம் உண்டு. அரசு ஆணையால் மூடிய கடையில் எரிந்தது எதுவுமில்லை, ஆகவே ஒன்றும் இல்லை. நீதிமன்றம் இரக்கப்பட்டு வாசலை அகலமாக்குமா என்றால், நம் உச்ச நீதிமன்றம் நெடுங்காலமாக அதற்கு உடன்படுவதில்லை. 1966-ல் சந்துமல் ஜெயின் வழக்கு வந்தது. மேற்கு வங்கத்துத் துலியானில் கங்கை கரையை அரித்து வீடுகளை விழுங்கிய விவகாரம் அது. பாலிசியில் எழுதியிருப்பதைத்தான் படிப்போம், நியாயமாகத் தோன்றினாலும் புது ஒப்பந்தத்தை நாங்கள் எழுதித் தர மாட்டோம் என்பது அதில் நீதிமன்றம் எடுத்த நிலை. அதன் பின் வந்த தீர்ப்புகளும் அதே பாதையில்தான் போகின்றன. சொல் இருபொருள் தந்தால் மட்டும் நிறுவனத்துக்கு எதிராகப் பொருள் கொள்வார்கள். ‘சேதம்’ என்ற நிபந்தனை தெளிவாக இருக்கும்போது அந்த விதியால் பயனில்லை.

வெளிநாடுகளில் இந்த வாசலை முட்டிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். பெரும்பாலானவற்றில் உணவகங்களும் கடைகளும் தோற்றன. வைரஸ் மேசையில் ஒட்டியிருந்தால் அது சேதமா என்ற கேள்விக்கு, துடைத்தால் போய்விடுவது சேதமல்ல என்றே பல நீதிமன்றங்கள் சொல்லின. தவிர, 2003 சார்ஸ் நோய்க்குப் பின் 2006-லேயே அங்கே வைரஸ் விலக்குப் பிரிவு பாலிசிகளில் புகுந்துவிட்டது. வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் உணவகங்கள் பக்கம் நின்றது விதிவிலக்கு. ஆஸ்திரேலியாவில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே விலக்குப் பிரிவு 1908-ஆம் ஆண்டுத் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வரும் நோய்களைக் குறிப்பிட்டிருந்தது. 2015-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டு அந்தச் சட்டம் நீக்கப்பட்டதை நிறுவனங்கள் கவனிக்கவில்லை. செத்துப்போன சட்டத்தைக் காட்டி விலக்குக் கேட்க முடியாது என்று 2020 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலிசி படிக்காத குற்றம் வாடிக்கையாளருக்கு மட்டும் உரியதல்ல.

ஆழமான வழக்கு பிரிட்டனில் நடந்தது. அங்கே பல சிறு கடைகளின் பாலிசிகளில் சேதம் தேவைப்படாத இணைப்புகள் இருந்தன: கடையிலிருந்து 25 மைல் சுற்றுக்குள் அறிவிக்கத்தக்க தொற்றுநோய் வந்து வியாபாரம் தடைபட்டால் பணம், அரசு உத்தரவால் கடைக்குள் நுழைய முடியாவிட்டால் பணம் என்பது போன்றவை. பெருந்தொற்று வந்ததும் நிறுவனங்கள் கைவிரித்தன. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே வழக்காடினால் வாழ்நாள் போதாது என்று பார்த்த நிதி நடத்தை ஆணையம் தானே வாதியாகி எட்டு நிறுவனங்கள் மேல் சோதனை வழக்குத் தொடுத்தது. 2020 ஜூனில் தாக்கல்; 2021 ஜனவரி 15-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சுமார் 3,70,000 பாலிசிதாரர்களைத் தொடக்கூடிய கேள்வி ஏழு மாதத்தில் தீர்ந்தது. இந்த வேகத்தையும், ஒழுங்காற்று ஆணையமே வாதியாக நின்றதையும் நம்மவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்களின் முக்கிய வாதம் கெட்டிக்காரத்தனமானது. உங்கள் கடையைச் சுற்றி 25 மைலில் ஒருவருக்குக்கூட நோய் வராமல் இருந்திருந்தாலும் நாடு முழுக்க ஊரடங்கு வந்திருக்கும், கடை மூடியிருக்கும். ஆகவே உங்கள் நஷ்டத்துக்குக் காரணம் உங்கள் வட்டாரத்து நோயல்ல. இதே வாதத்தை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொல்லலாம். கடைசியில் எந்த வட்டாரத்து நோயும் ஊரடங்குக்குக் காரணமில்லை என்ற விநோதமான முடிவு வரும். நீதிபதிகள் ஏற்கவில்லை. இருபது பேர் சேர்ந்து ஒரு பேருந்தை மலையுச்சியிலிருந்து தள்ளுகிறார்கள், பதின்மூன்று பதினான்கு பேரே போதும் என்றாலும் தள்ளிய ஒவ்வொருவரும் காரணமே என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. அறியப்பட்ட ஒவ்வொரு நோயாளியும் ஊரடங்குக்குச் சமமான காரணம், அவர்களில் ஒருவர் உங்கள் வட்டாரத்தில் இருந்தால் போதும்.

இந்தத் தீர்ப்பில் நமக்கு இன்னும் நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. அது நோயைப் பற்றியதல்ல, வெள்ளத்தைப் பற்றியது. 2005-ல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. அங்கே ஒரு ஓட்டலும் சேதமடைந்து மூடப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் சொன்னது: ஓட்டல் சேதமடையாமலே இருந்திருந்தாலும் பாழடைந்த நகரத்துக்கு விருந்தாளி யார் வந்திருப்பார்? ஆகவே நஷ்டத்துக்குக் காரணம் ஓட்டலின் சேதமல்ல, நகரத்தின் சேதம். லண்டன் நீதிமன்றம் 2010-ல் இதை ஏற்றுக்கொண்டது. அப்போது நடுவர் மன்றத்தில் இருந்தவர் ஜார்ஜ் லெகாட்; மேல்முறையீட்டை விசாரித்தவர் நிக்கோலஸ் ஹாம்ப்ளன். பத்தாண்டு கழித்து இருவரும் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாக உட்கார்ந்து, 2021 தீர்ப்பைச் சேர்ந்தெழுதி, தங்கள் பழைய முடிவு தவறு என்று அதை ரத்து செய்தார்கள். சட்ட உலகில் அடிக்கடி நடப்பதல்ல.

2023 டிசம்பரை இப்போது நினைத்துப் பாருங்கள். தாமிரபரணி ஏரல் பாலத்தை உடைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. திருச்செந்தூர் ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. காயல்பட்டினத்தில் கடை நனைந்த ஒருவர் லாஸ் ஆஃப் பிராஃபிட் பாலிசியும் வைத்திருந்தால், ‘உங்கள் கடை நனையாமல் இருந்தாலும் சாலையே இல்லாத ஊரில் யார் வாங்கியிருப்பார்?’ என்று சர்வேயர் கேட்க வழியுண்டு. ஆங்கிலத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் வாதத்துக்கு வலு சேர்க்கும். கடையின் சேதமும் ஊரின் சேதமும் ஒரே மழையின் பிள்ளைகள். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்க முடியாது என்று சொல்லலாம். கடை நனையவில்லை, சாலை மட்டும் அறுந்தது என்பவருக்கோ இந்த வாதமும் உதவாது. அவருக்கு ‘வழி அடைப்பு’ இணைப்பு தேவை. அவருடைய நிலை 2020-ல் இருந்த நிலையேதான்.

நியாயத்துக்காக நிறுவனங்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பலர் கட்டும் பிரீமியத்தில் சிலருடைய நஷ்டத்தை ஈடுசெய்வதுதான் காப்பீடு. ஒரு பஜாரில் ஒரு கடை எரியும், எல்லாக் கடையும் எரியாது. பெருந்தொற்றில் ஒரே வாரத்தில் நாட்டின் எல்லாக் கடையும் மூடுகிறது. எவ்வளவு பெரிய நிறுவனமும் அதைத் தாங்காது. தாங்கும் என்று விற்றால் அது ஏமாற்று. மறுகாப்பீட்டு நிறுவனங்கள் 2020-லிருந்தே தொற்றுநோய் விலக்கை ஒப்பந்தங்களில் சேர்க்கத் தொடங்கியது பேராசையால் மட்டும் அல்ல. வாங்குவோரும் ஒழுங்கில்லை. 2018-லேயே மியூனிக் ரீ, மார்ஷ் ஆகியவை சேர்ந்து சேதம் தேவைப்படாத தொற்றுநோய்ப் பாலிசி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. வாங்க ஆள் இல்லை. விம்பிள்டன் டென்னிஸ் நடத்துவோர் பதினேழு ஆண்டு பிரீமியம் கட்டி, 2020-ல் போட்டி ரத்தானபோது பத்துக்கோடி பவுண்டுக்கு மேல் பெற்றதாகச் செய்தி வந்தது. அப்படிப் பதினேழு ஆண்டு சும்மா கட்ட எந்தப் பஜார் கடைக்காரருக்கு மனம் வரும்?

ஆகவே கேள்வி அரசிடம் போகிறது. 2001 செப்டம்பருக்குப் பின் மறுகாப்பீட்டாளர்கள் பயங்கரவாதக் காப்பை விலக்கியபோது, இந்தியப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து 2002 ஏப்ரலில் ஜி.ஐ.சி. நிர்வாகத்தில் ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்கின. இன்றும் நடக்கிறது. அதே மாதிரியில் பெருந்தொற்றுக்கும் ஒன்று வேண்டும் என்று 2020 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் ஒரு பணிக்குழு அமைத்தது. சேதமில்லாத தொழில் நிறுத்தத்துக்குக் காப்பு, சிறு குறு நிறுவனங்களிலிருந்து தொடக்கம், பின்னால் அரசின் உத்தரவாதம் என்பதாக அதன் அறிக்கை அந்த ஆண்டே வந்தது. தொகுப்பு வரவில்லை. அதே ஜூலையில் உடம்புக்கு ‘கொரோனா கவச்’ பாலிசி வந்துவிட்டது. கடைக்கு ஒரு கவசமும் வரவில்லை. கடைக்குக் கிடைத்தது கடன்: தவணை ஒத்திவைப்பு, மே மாதம் அறிவிக்கப்பட்ட 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். கடன் தேவைதான். ஆனால் நஷ்டத்தைக் கடனால் அடைப்பது நஷ்டத்தைத் தள்ளிவைப்பதே.

அரசு வியாபாரியின் இடரை ஏற்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. பாண்டியர் காலக் குதிரை வணிகத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 தீனார் என்றும், வழியில் குதிரை செத்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தரும் என்றும் பதிந்திருக்கிறார். காயல் அந்த வணிகத்தின் முக்கியத் துறை. எண்களைச் சந்தேகிக்கலாம், ஏற்பாட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை. குதிரை வேண்டும் என்பது அரசுக்கே அவசியமாக இருந்ததால் கடலின் ஆபத்தை அரசு தன் தலையில் போட்டுக்கொண்டது. ஊரடங்கும் அரசுக்கு அவசியமாக இருந்தது. எல்லார் உயிருக்காகவும் கடையை மூடச் சொன்ன அரசு, அதன் செலவை மூடியவர் தலையிலேயே விட்டது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

காயல்பட்டினத்தைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. மார்க்க விஷயத்தில் பேணுதலான பலர் வழக்கமான இன்சூரன்ஸையே தவிர்க்கிறார்கள். வட்டியும் நிச்சயமின்மையும் கலந்தது என்பது அவர்களின் தயக்கம். 1985-ல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. கூட்டுறவு முறையிலான காப்பை ஏற்றது. அத்தகைய கூட்டுறவுக் காப்பான தகாஃபுலுக்கு மலேசியா 1984-லேயே சட்டம் கொண்டுவந்தது. இலங்கையில் அமானா தகாஃபுல் 1999 முதல் இயங்குகிறது. கொழும்பில் கடை வைத்திருக்கும் காயல்காரருக்கு அந்த வசதி உண்டு, ஊரில் இருக்கும் அவருடைய தம்பிக்கு இல்லை. இந்தியாவில் தகாஃபுலுக்கு உரிமம் கிடையாது. இந்த இடைவெளியைத் தற்போது வெளியூர்க் காயல் நல மன்றங்களின் உதவிதான் நிரப்புகிறது. 2023 வெள்ளம் போன்றவற்றில் அந்த வழி பலன் தரும், ஏனென்றால் ஊர் முடங்கினாலும் ஹாங்காங்கும் துபாயும் ஓடிக்கொண்டிருக்கும். 2020-ல் மூன்றும் ஒன்றாக முடங்கின. மன்றத்தின் உதவிக்கும் நிறுவனத்தின் பாலிசிக்கும் ஒரே இடத்தில்தான் அடி விழுகிறது.

ஆக, பெருந்தொற்று நஷ்டத்துக்குத் தனியார் பாலிசியை மட்டும் நம்புவதில் பயனில்லை என்பது என் முடிவு. அரசு உத்தரவாதத்தோடு ஒரு தொகுப்பு, அதில் சிறு கடைக்கு ஊரடங்கு நாட்களின் வாடகைக்கும் சம்பளத்துக்கும் மட்டும் ஈடு, சர்வேயர் வேண்டாத நிலையான தொகை, தகாஃபுல் போன்ற கூட்டுறவு அமைப்புகளும் அதில் சேர வழி: இவ்வளவும் கேட்கத்தக்கவை. லாபத்துக்கு ஈடு கேட்டால் தொகுப்பு தாங்காது. வணிகர் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் கொடுக்கும் கோரிக்கை மனுவில் ஜிஎஸ்டிக்குக் கீழே இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

வெள்ளம் அதுவரை காத்திருக்காது. எனவே கடைக்காரருக்கு ஒரு வார்த்தை. பாலிசி புதுப்பிக்கும் நாளில் ஏஜென்டிடம் இரண்டைக் கேளுங்கள்: கடை மூடியிருக்கும் நாட்களின் நஷ்டத்துக்கு இதில் ஏதாவது உண்டா, கடை நனையாமல் வழி மட்டும் அடைபட்டால் என்ன கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் தனி உரிமையாளர் கடைகளும் குறு நிறுவனங்களும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் 50 லட்சம் ரூபாய் வரை முறையிடலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை. வியாபாரி நுகர்வோர் அல்ல என்று தட்டிக்கழிப்பவரிடம், 2023 ஏப்ரலில் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இன்சூரன்ஸ் என்பது லாபத்துக்கல்ல, நஷ்டத்தை ஈடுகட்டவே என்று சொல்லி வணிகர்களுக்கும் நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் திறந்துவிட்டதை எடுத்துச் சொல்லுங்கள்.